பண்புள்ள கூட்டல், பண்பில்லாத கழித்தல்

எனக்கு ஒரு வியாதி உண்டு. சிரிக்கக் கூடாத இடத்தில்தான் சிரிப்பு வரும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியவர் கேசரியை வாயில் வைத்துக்கொண்டு தும்மினார். நான் சிரித்த சிரிப்பில் அந்தச் சம்பந்தமே கலைந்துபோயிற்று. நல்லதாகப் போயிற்று என்று நான் நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு ஆசிரியைப் பயிற்சி முடித்த கையோடு வேலை கிடைத்தது. தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளி, நாலாம் வகுப்பு. அறுபதுகளின் பின்பாதி அது. எங்கள் வீடு மாட்டுங்காவில். ரயில்வே பாலத்தைத் தாண்டி நடந்தால் தாராவி வந்துவிடும். ஆனால் எங்கள் கட்டிடத்தில் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. நான் தினமும் போகிறேன் என்று தெரிந்ததும், ஏதோ கப்பல் ஏறுகிறவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள்.

வேலை தற்காலிகம். அப்பா முதல் நாளே கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷம் முடியறதுக்குள்ள பெர்மனன்ட் ஆச்சுன்னா போயிண்டிரு. ஆகலேன்னா எங்க ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேகன்சி இருக்கு, சொல்லி வெச்சிருக்கேன். சாயங்காலம் டைப்பிங் கிளாஸ் போறதை மட்டும் நிறுத்தப்படாது."

அம்மாவுக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. "பெருக்கல் சொல்லிக் குடுக்கறது இருக்கட்டும்டி, மொதல்ல இந்த ஹாலைப் பெருக்கு" என்று விளக்குமாற்றைக் கையில் கொடுத்தாள்.

நான் சரி சரி என்று தலையாட்டினேன். அன்று எனக்கு எந்த வேலையானாலும் ஒன்றுதான். ஒரு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் டைப்ரைட்டரைத் தூக்கி மாஹிம் கழிமுகத்தில் போட்டிருப்பேன். காரணம், புதிதாக வந்திருந்த கணக்குப் புத்தகமும் அதைப் படித்த பிள்ளைகளும்.

புத்தகத்தில் ஒரு பாடம். தலைப்பு: கூட்டல், பெருக்கல் ஆகியவற்றின் பண்புகள். நான் அதைக் கரும்பலகையில் அழகாக எழுதிவிட்டுத் திரும்பினேன். முன்வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். அவளுக்கு நான் மனத்துக்குள் வைத்திருந்த பட்டம் எதிர்க்கேள்விக்காரி. எதையும் ஒருமுறை திருப்பிக் கேட்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டாள்.

"கூட்டலுக்குப் பண்பு உண்டுமா டீச்சர்?"

"உண்டு."

"பெருக்கலுக்கு?"

"அதுக்கும் உண்டு."

"அப்ப கழித்தலுக்கு?"

புத்தகத்தைப் புரட்டினேன். கழித்தலுக்கு ஒன்றும் போடவில்லை. வகுத்தலுக்கும் இல்லை. "இல்லை" என்றேன்.

அவள் வகுப்பைப் பார்த்துத் திரும்பி அறிவித்தாள்: "கழித்தல் பண்பு கெட்டது. வகுத்தலும் அப்படித்தாம்."

பிள்ளைகள் அதை உடனே ஒப்புக்கொண்டார்கள். கழித்தலில் கடன் வாங்க வேண்டியிருக்கிறது, வகுத்தலில் மீதி வைத்துவிட்டுப் போகிறது, இரண்டும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் செய்கிற காரியமா? எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மழை இல்லாத நாளிலும் கக்கத்தில் குடையோடு நடக்கும் மனிதர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"என்ன டீச்சரம்மா, கணக்குப் பாடம்தானா?"

"ஆமாம் சார்."

"நான் முப்பது வருசமா கணக்கு எடுக்கேன். ஒருத்தரும் சிரிச்சதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பரிமாற்றுப் பண்பு. மூன்றையும் ஐந்தையும் கூட்டினாலும் எட்டு, ஐந்தையும் மூன்றையும் கூட்டினாலும் எட்டு. இடம் மாறினாலும் விடை மாறாது. இதற்குப் போய் எவ்வளவு பெரிய பெயர் என்று நானே நொந்துகொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கோ பெயரில் சந்தேகமே வரவில்லை.

"பரிமாறுதது எங்களுக்குத் தெரியும் டீச்சர்" என்றாள் எதிர்க்கேள்விக்காரி. "சோத்த வச்சு மேல கொழம்ப ஊத்துனாலும், கொழம்ப ஊத்தி மேல சோத்த வச்சாலும், வயித்துக்குள்ள போனா ஒண்ணுதான?"

பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தும் எனக்குத் தோன்றாத விளக்கம். நான் குதூகலத்தோடு சாதம், சாம்பார் என்று பலகையில் எழுதிக் கூட்டல் குறியும் போட்டேன். "சாம்பார் வேண்டாம் டீச்சர், கருவாட்டுக் கொழம்புன்னு போடுங்க" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. என் வாழ்க்கையில் நான் மோந்துகூடப் பார்க்காத பண்டத்தை அன்று என் கையால் கரும்பலகையில் எழுதினேன். எழுதும்போதே எங்கள் கட்டிடத்து மாமிகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன. சுண்ணக்கட்டி இரண்டாக முறிந்துவிட்டது.

அப்பாவை ஐயா என்கிற ஒரு பையன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க ஐயாட்ட இது நடக்காது டீச்சர். சோறு வைக்காம கொழம்ப ஊத்துனா தட்டத் தூக்கி எறிஞ்சிருவாவ."

"அது உங்க ஐயாவோட பண்பு, கூட்டலோட பண்பு இல்லை" என்றேன்.

எல்லாக் காரியமும் இப்படி இடம் மாறுமா என்று அடுத்த கேள்வி. மாறாது என்பதற்கு நான் ஓர் உதாரணம் யோசித்தேன். டிக்கெட் வாங்கிவிட்டு ரயிலில் ஏறுவதும், ரயிலில் ஏறிவிட்டு டிக்கெட் வாங்குவதும் ஒன்றாகுமா?

"டி.சி. வந்து டிக்கெட்டக் கேக்காட்டி ஒண்ணுதாம் டீச்சர்" என்றான் அதே பையன். தினமும் ஹார்பர் லைன் ரயிலில் செம்பூர் அத்தை வீட்டுக்குப் போய் வருகிறவனாம். அனுபவஸ்தன்.

அடுத்தது சேர்ப்புப் பண்பு. மூன்று எண்களில் எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் கடைசியில் ஒன்றுதான் என்பது அதன் சாரம். அடைப்புக்குறி போட்டுக் காட்டினேன். "சேர்க்கை சரியில்லன்னு எங்கம்மா ஏசுவா" என்று ஆரம்பித்தார்கள். வகுப்பில் மூன்று தோழிகள் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ஒரு வாரம் கூட்டு, மூன்றாமவள் தனி. அடுத்த வாரம் ஜோடி மாறும். ஆனால் சாயங்காலம் ஒரே சந்துக்குள் மூன்று பேரும் கைகோத்துக்கொண்டுதான் போவார்கள். அந்த மூன்று பேரையும் முன்னால் நிறுத்தி, மற்ற பிள்ளைகளின் கைகளை வளைத்து அடைப்புக்குறியாக வைத்தேன். அடைப்புக்குறியாக நின்ற ஒருவனுக்கு யாரோ கிச்சுகிச்சு மூட்டியதில் அவன் நெளிந்து பெருக்கல் குறியாகிவிட்டான்.

பங்கீட்டுப் பண்புக்கு வந்தபோது நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ரேஷன் வரிசையில் நிற்காத பிள்ளை அந்த வகுப்பில் கிடையாது. நாலும் இரண்டும் அடைப்புக்குள் நிற்க, வெளியே மூன்று என்று பெருக்கல் போட்டேன். ஒருத்தி மூன்றை நாலால் மட்டும் பெருக்கி, இரண்டை அப்படியே கூட்டி வைத்திருந்தாள். பக்கத்திலிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டுப் பொங்கினாள்: "ஏட்டி, ரெண்டு என்ன பாவம் செஞ்சது? அதுவும் லைன்லதான நிக்கி. அதுக்கும் மூணக் குடு!" சத்தியமாகச் சொல்கிறேன், அதன்பிறகு அந்த வகுப்பில் யாரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

பெருக்கலில் இடம் மாறுவதைக் காட்ட எல்லாரையும் முற்றத்துக்கு அழைத்துப் போனேன். ஆறு பேராக நாலு வரிசை நிற்க வைத்தேன். அப்படியே இடப்பக்கம் திரும்பினால் நாலு பேராக ஆறு வரிசை. ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யோசனை பிரமாதம். ஆனால் "திரும்பு!" என்று நான் சொன்னதும் பாதிப் பேர் வலப்பக்கம் திரும்பினார்கள், சிலர் சுற்றிச் சுற்றிப் பம்பரமானார்கள். போதாக்குறைக்குக் கடைசி வரிசையில் ஓர் ஆள் குறைந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் குடையோடு வந்தார்.

"சார், சார், இங்கன ஒரு எடம் காலி! கொஞ்சம் நில்லுங்க சார்!"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் நேராகப் போய், ஒன்பது வயதுப் பிள்ளைகளின் வரிசையில் காலி இடத்தில் நின்றார். "திரும்பு!" என்றேன். குடையும் அவருமாக மிகுந்த பொறுப்போடு இடப்பக்கம் திரும்பினார். சரியாகத் திரும்பியது அவர் ஒருவர்தான். அன்று வீடுவரை சிரித்துக்கொண்டே நடந்தேன். பாலத்தின் மேல் எதிரே வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

கடைசிப் பாடம் பூஜ்யம். பூஜ்யம் வந்து கூடினாலும் எண் மாறாது என்றேன். நாலைந்து உதாரணம் சொன்னார்கள், எல்லாம் சரியாக இருந்தன. பூஜ்யத்தால் பெருக்கினால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் மிஞ்சாது டீச்சர். நல்லாப் பெருக்குனா வீட்டுல குப்பை மிஞ்சுமா?"

"சரி, ஒன்றால் பெருக்கினால்?"

எதிர்க்கேள்விக்காரி கையைத் தூக்கினாள். "அது தேஞ்ச வாரியல் டீச்சர். எம்புட்டுப் பெருக்குனாலும் எல்லாம் அப்படியேதாம் கெடக்கும்."

வாரியல் என்றால் விளக்குமாறு. எங்கள் வீட்டு ஹாலில் அம்மா கையில் கொடுத்தது நினைவு வந்து, எனக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. இந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு நான் எங்கும் போகப்போவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். நான் முடிவு செய்து என்ன பயன்? முடிவு செய்ய வேண்டியவர் ஸ்கூல் இன்ஸ்பெக்டர். அவர் ஒரு பாடத்தை உட்கார்ந்து கவனித்துவிட்டுத் திருப்தி என்று எழுதினால்தான் வேலை நிரந்தரம்.

அவர் வரும் நாள் தெரிந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, பாடத்தப் பத்திக் கவலயில்ல. நீங்க மட்டும் சிரிச்சிராதிய. அவுக மராத்திக்காரவுக. நமக்குத்தான் தமிழ்ச் சிரிப்பு புரியும், அவுகளுக்கு என்ன புரியும்?" பிறகு வகுப்புக்கும் வந்து, "ஒழுங்கா பதில் சொன்னாத்தாம் ஒங்க டீச்சர் இங்க இருப்பாவ, கேட்டியளா?" என்று ஒரு மிரட்டல். பிள்ளைகள் அரண்டுபோனார்கள். நானும்தான்.

அந்தக் காலையில் நான் கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். வெள்ளைத் தொப்பி, முகத்தில் எந்த உணர்ச்சியும் கிடையாது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். தமிழ் அவருக்குத் தெரியாது, தலைமையாசிரியர் பக்கத்தில் நின்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். சாதமும் சாம்பாரும் இடம் மாறின. கருவாட்டுக் குழம்பை யாரும் இழுக்கவில்லை. பங்கீட்டில் இரண்டுக்கும் மூன்று கிடைத்தது. அவர் தலையை அசைத்தார். பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அப்போது அவர் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். பூஜ்யம் என்றால் என்ன? புத்தகத்தில் இல்லாத உதாரணம் வேண்டும்.

எதிர்க்கேள்விக்காரி எழுந்தாள்.

"வந்து கூடுனாலும் ஒண்ணும் மாறாது, போனாலும் ஒண்ணும் மாறாது. அதுதாம் பூஜ்யம்" என்று கணீரென்று சொன்னாள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். "இப்பம், போன வருசம் ஒரு சாரு வந்தாவ. பைப்புல தண்ணி வரலன்னு சொன்னோம். எழுதிட்டுப் போனாவ. பள்ளிக்கூடம் அப்படியேதாம் இருக்கு. இந்த சாரும் வந்திருக்காவ." கையை நீட்டி அவரைக் காட்டினாள். "சாரு பூஜ்யம்."

தலைமையாசிரியரின் குடை கீழே விழுந்தது.

"க்யா போலி?" என்றார் இன்ஸ்பெக்டர். என்ன சொன்னாள்?

தலைமையாசிரியர் குடையை எடுக்கக் குனிந்த நேரத்தில் யோசித்திருக்க வேண்டும். நிமிர்ந்ததும் கை குவித்தபடி இந்தியில் சொன்னார்: "உங்களைப் பூஜ்யர் என்கிறாள் சாப். வணக்கத்துக்குரியவர் என்று பொருள்."

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கள் ஊர் மராத்திப் பள்ளியிலும் சைபரைப் பூஜ்யம் என்றுதான் சொல்வார்கள், மாஸ்டர்ஜி" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "சின்ன வயதில் நானே நிறைய வாங்கியிருக்கிறேன்."

அவ்வளவுதான். கடித்த பல் விட்டுப்போயிற்று. நான் சிரித்தேன். சும்மா இல்லை, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டும் அடங்காமல், கரும்பலகை மேல் சாய்ந்து, பரிமாற்றுப் பண்பு முழுவதும் என் புடவையில் ஒட்டிக்கொள்ளும்படி சிரித்தேன். வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அவர்கள் என்னை, தண்டவாளத்தில் நிற்கிறவளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அடங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு நேராக என்னைக் கேட்டார். "இந்த உதாரணம் நீங்கள் சொல்லிக் கொடுத்ததா?"

இல்லை என்றால் பழி அவள் தலையில் விழும். ஆமாம் என்றால் என் வேலை போகும். கடைசியில் வந்தது உண்மைதான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன்: "பூஜ்யம் நான் சொல்லிக் கொடுத்தது. உதாரணம் அவளுடைய சொந்தம்."

அவர் ஏதோ எழுதினார், டீயைக் குடித்தார், போய்விட்டார். திருப்தி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"ஒன்னாலதாம்ட்டீ டீச்சர் போவப் போறாவ" என்று பிள்ளைகள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவள் முன்வரிசையிலிருந்து எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அதன்பிறகு அவள் கை மேலே எழவே இல்லை. வகுத்தல் நடத்தினேன், மீதி வந்தது, ஏன் மீதி என்று கேட்க ஆளில்லை. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. வேலை போவதைவிட அது அதிகமாக வலித்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது. வீட்டில் அப்பா, "ஆபீஸ்ல கேட்டுண்டே இருக்கா, என்ன சொல்றது?" என்று தினமும் கேட்டார். சாயங்காலம் டைப்பிங் கிளாஸில் என் விரல்கள் எல்லா எழுத்தையும் தப்பாகவே அடித்தன.

உத்தரவு வந்த அன்று தலைமையாசிரியர் வகுப்புக்கே வந்தார். வாசலில் நின்று, காகிதத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"பெர்மனன்ட்."

பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு கிளம்பிய கூச்சலில் பக்கத்து வகுப்பெல்லாம் வெளியே வந்துவிட்டது. பெஞ்சு மேல் ஏறினார்கள், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். தலைமையாசிரியர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அவருக்கு மேல்பல் ஒன்று இல்லை. நான் அழுதேன். எனக்கு அழவும் தெரியும் என்பது எனக்கே புதிதாக இருந்தது.

அந்தச் சந்தடிக்கு நடுவில் கடைசி வரிசையில் ஒரு கை எழுந்து நின்றது. மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பார்த்து அடங்கினார்கள்.

"டீச்சர், நான் சொன்ன கணக்கு தப்பு."

"எந்தக் கணக்கு?"

"அந்த சாரு வந்துட்டுப் போன பொறவு மாறியிருக்குல்லா. நீங்க போவாம இங்கனயே இருக்கப் போறிய. அப்ப அவுக பூஜ்யம் இல்ல."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: "சரி, அப்போ அவர் எந்த எண்?"

அவள் கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள்.

"தெரியல டீச்சர். ஆனா பூஜ்யம் இல்ல."